பச்சைச் சேலை வரும் இடம்

தை 1, செவ்வாய்

பொங்கல் கிழக்குப் பக்கம் வழிந்தது. நல்லது.

இந்த டைரி மருமகள் செல்வராணிக்கு நகைக்கடையில் கொடுத்தது. அவள் எழுத மாட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் காலத்து ஐந்தாம் வகுப்பு. இந்தத் தெருவில் என் வயதுக்காரிகளில் பேப்பரை எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் இன்னும் கைநாட்டு.

மத்தியானம் டிவியில் ‘ஒத்தையடி மேகம்’ படம் போட்டார்கள். தெருப் பொம்பளைகள் பாதிப் பேர் நம் வீட்டில்தான். கதை ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் இடங்கள்! மலையும் ஏரியும் தேயிலைச் சரிவுமாகக் கண்ணைப் பறித்துவிட்டது. அதிலும் அந்தப் பாட்டில் கதாநாயகி மஞ்சள் சேலையில் ஏரிக்கரையில் நிற்கிறாள். அப்புறம் பச்சைச் சேலையில் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவில் நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி வாசல் தெளிக்கிறாள். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது.

இடது கையால் தெளித்தாள்.

இந்த இடத்தை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஏரி அவ்வளவு அழகு.

தை 2, புதன்

செல்வராணியின் செல்போனில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னேன். திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன்.

“என்ன அத்தை, அப்பிடி என்ன இருக்கு இந்தப் பாட்டுல?”

“மலை இருக்கு. நீயும் பாரு.”

பார்த்தாள். பச்சைச் சேலை வந்தது, போனது. போனை என் மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் வரவில்லை.

தை 4, வெள்ளி

எழுதுகிறவள் ஒழுங்காக எழுதவேண்டும். என் மகன் கதிரேசனுக்கு ஒரே மகள், யோகலட்சுமி. நாங்கள் யோகு என்போம். பி.எஸ்சி. கணக்கு. எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் அவளுடையது. இடது கைப் பழக்கம். சின்னதில் அந்தக் கையைப் பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள் என்று நான் நேரே போய் அந்த டீச்சரிடம் கேட்டேன்: “சாமி கொடுத்த கையில எந்தக் கைம்மா கெட்ட கை?” அப்புறம் அடிக்கவில்லை.

காலையில் வாசல் தெளிப்பது அவளும் நானும். வாளி விளிம்பில் கப்பை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தண்ணீரை வீசுவோம். வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து போகட்டும் என்று நான் பழக்கியது. நாய் இல்லாத நாளிலும் தட்டுவாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்பு ஸ்பின்னிங் மில்லுக்கு மெக்கானிக்காக வந்த பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். விமல்ராஜ் என்று பேர். வேறு ஆட்கள். மலைப் பக்கத்துப் பையன் என்றார்கள். எந்த மலை என்று யாரும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று கதிரேசன் சொல்லிவிட்டான். “எனக்கு மக இல்ல” என்று கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தலை முழுகினான். செல்வராணியையும் முழுக வைத்தான். சாவு வீட்டில் போல.

நான் அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. எனக்குச் சளி பிடித்திருந்தது.

இதை யாராவது எடுத்துப் படித்தால் படிக்கட்டும். நான் படம் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

தை 6, ஞாயிறு

அந்தப் பாட்டு எடுத்த ஏரிக்கு எப்படிப் போவது என்று ஒரு பையன் யூடியூப்பில் வீடியோவே போட்டிருக்கிறான். தேனிக்கு மேலே மலை ஏறவேண்டுமாம். சனி, ஞாயிறு என்றால் திருவிழாக் கூட்டமாம். படம் வருவதற்கு முன்னால் அங்கே மாடுகூடத் தண்ணீர் குடிக்க வராது என்றான். செல்வராணிதான் தேடி எடுத்துக் காட்டினாள். நான் கேட்கவில்லை.

தை 8, செவ்வாய்

சாப்பிடும்போது கதிரேசனிடம் சொன்னேன்.

“மாசி மொதல்ல வேன் வச்சு நாங்கள்ளாம் ஷூட்டிங் எடுத்த எடத்தப் பாக்கப் போறோம்.”

“யாரு நாங்கள்ளாம்?”

“பஞ்சவர்ணம், தெருவுல இன்னும் நாலஞ்சு பேரு.”

சிரித்துவிட்டான். “மூட்டுக்குத் தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற கெளவிகளுக்கு ஷூட்டிங் ஸ்பாட் கேக்குதா? அழகர்கோயிலுக்குப் போங்க, திருச்செந்தூருக்குப் போங்க.”

“சாமியத்தான் காலம்பூரா பாத்தாச்சே. அது எங்கயும் போயிராது.”

“மலை வளைவெல்லாம் உன் ஒடம்புக்கு ஆகாது ஆத்தா.”

“உன் ஒடம்புக்குத்தாண்டா ஆகாது. பள்ளிக்கூடத்துல கொடைக்கானல் கூட்டிட்டுப் போகையில, வத்தலக்குண்டு தாண்டலை, வாத்தியார் சட்டை பூரா வாந்தி எடுத்து வச்ச. அதுக்கப்புறம் மலைப் பக்கம் தலை வச்சுப் படுத்திருக்கியா நீ?”

செல்வராணி ரசச் சட்டியை எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் அந்த முதுகு சிரித்து நாளாகிவிட்டது.

கதிரேசன் போகவும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கை கழுவப் போய்விட்டான். அது எனக்குப் போதும்.

தை 11, வெள்ளி

வேன்காரன் மாடசாமி வந்து பேசிவிட்டுப் போனான். நம் தெருப் பிள்ளைதான். காலையில் கிளம்பி மத்தியானம் ஏரி, பொழுது சாயக் கீழே இறங்கிவிடலாம் என்றான். ஒரு ராத்திரி தங்கவேண்டும் என்று நான் சொன்னேன். எதுக்கு அப்பத்தா என்றான். காலை வெயிலில்தான் ஏரி அழகு என்றேன். பஞ்சவர்ணம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“ஏன்டி சீனி, நீ எப்பருந்து காமிராக்காரியா ஆன?”

“நீ வர்றதுன்னா வா. வரலைன்னா உன் எடத்துக்கு ஆள் இருக்கு.”

“யாரு வரலைன்னா? எனக்கு சன்னல் சீட்டு.”

தை 16, புதன். அமாவாசை

கதிரேசன் வழக்கம்போலத் தெப்பக்குளத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போனான். நானும் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். ஐயர் பேர் சொல்லச் சொன்னார். அவன் அப்பா பேரைச் சொன்னான். தாத்தா, பாட்டி பேரைச் சொன்னான். சின்னதிலேயே காய்ச்சலில் போன தங்கச்சி பேரைக்கூட ஞாபகமாகச் சொன்னான்.

“வேற யாரும் உண்டா?” என்று ஐயர் கேட்டார்.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். “இல்ல சாமி” என்றான்.

இல்லையா. தலை முழுகினால் அவளுக்கும் எள்ளு இறைக்கவேண்டும் அல்லவா? செத்தவர்களுக்குத்தானே இறைப்பார்கள். போன வருஷமும் அவன் இறைக்கவில்லை. நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

தை 19, சனி

முழங்கால் வீக்கம். நொச்சி ஒத்தடம். போவது போவதுதான்.

தை 24, வியாழன்

யோகுவின் பழைய நம்பர் எனக்கு மனப்பாடம். போன ஐப்பசியில் பஞ்சவர்ணத்தின் பேரன் போனில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். யாரோ இந்திக்காரன் எடுத்தான். நான் தமிழில் திட்டினேன், அவன் இந்தியில் திட்டினான், வைத்துவிட்டேன். இன்றைக்கு மறுபடி போட்டேன். அதே இந்திக்காரன். என் குரலைக் கண்டுபிடித்துவிட்டான், “நானிஜி” என்று சிரிக்கிறான். பாட்டி என்று அர்த்தமாம். நல்ல பிள்ளைதான் போல. ஆனால் அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தை 29, செவ்வாய்

அதிரசத்துக்கு மாவு பதமாக வந்திருக்கிறது. வழிக்குப் புளியோதரை, ஊறுகாய். குளிருக்கு மகனுடைய பழைய மப்ளர்.

மத்தியானம் செல்வராணி ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

“பருப்புப் பொடி அத்தை. போற எடத்துல சோறு எப்பிடி இருக்குமோ.”

நக்கிப் பார்த்தேன். “என்னடி, மொளகாயே இல்ல?”

“காரம் கம்மியா அரைச்சேன்.”

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காரம் தூக்கலாக வேண்டும். காரம் ஆகாது என்று தட்டைத் தள்ளிவிடுகிற ஆள் இப்போது இந்த வீட்டில் இல்லை. டப்பாவைப் பையின் அடியில், சேலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

மாசி 3, சனி

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். ஆண்டிபட்டி வரை பஞ்சவர்ணம் பாட்டுப் பாடினாள். மலை ஏற ஆரம்பித்ததும் பாட்டு நின்றது. ரெண்டாவது வளைவில் சன்னல் சீட்டு கேட்டதற்கான காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. மாடசாமி வண்டியை ஓரம் கட்டி ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தான். மோந்துகொண்டே வந்தால் வயிற்றைப் புரட்டாதாம். உண்மைதான். மேலே போகிறவரை பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எல்லாரும் கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

ஏரியைப் பார்த்தோம். படத்தில் கடல் மாதிரி இருந்தது. நேரில் நம் ஊர்க் கண்மாய் மழைக்காலத்தில் இதைவிடப் பெருகிக் கிடக்கும். படத்தில் தாமரை இருந்தது. இங்கே பிளாஸ்டிக் தட்டுதான் மிதக்கிறது. ஆனாலும் கூட்டம். கதாநாயகி சாய்ந்து நின்ற மரத்தில் சாய்ந்து நிற்க வரிசை. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும், காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள். எங்கள் ஆட்களும் வரிசையில் நின்றார்கள். பஞ்சவர்ணம் வாந்தி எடுத்த முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையை விரித்துக் கையைத் தூக்கி நின்றாள். காலேஜ் பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்னொரு தடவை நின்றாள்.

நான் கரையைச் சுற்றி நடந்தேன். லைன் வீடு ஒன்றுகூட இல்லை.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன். “பச்சைச் சேலை வர்ற எடம் எங்கப்பா?”

“அது இங்க எடுக்கல பாட்டி. ஒரு பாட்ட ஒரே எடத்துல எடுப்பாங்களா? சேலை மாறுச்சுன்னா ஊரு மாறிருச்சுன்னு அர்த்தம். மஞ்சச் சேலை இங்க. சிவப்புச் சேலை கேரளா. பச்சைச் சேலை அந்தா, மேல தேயிலைத் தோட்டத்து லைன்ல. ரோடு மோசம்.”

இத்தனை படம் பார்த்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. பாட்டில் அடுத்தடுத்து வந்தது, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி வந்துவிட்டேன்.

மாடசாமி முடியாது என்றான். வண்டி அடி தட்டும் என்றான். கூட வந்தவர்கள் ஏரி பார்த்தாச்சு, இறங்கிவிடலாம் என்றார்கள்.

“நீங்க எறங்குங்க. நான் நடந்து போறேன்” என்றேன்.

“இந்தக் காலை வச்சுக்கிட்டா?” என்றான் மாடசாமி.

“என் காலு. நான் வச்சுக்கிறேன்.”

பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் கிளாசைக் கீழே வைத்தாள். “டேய் மாடசாமி, ராத்திரி தங்கல்னுதான பேசியிருக்கு? தங்கிட்டுக் காலைல மேல விடு. வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு நான் பொறுப்பு. பச்சைச் சேலை வர்ற எடத்துல நானும் ஒரு போட்டோ எடுக்கணும்.”

அவளிடம் பச்சைச் சேலையே கிடையாது.

டீக்கடைக்காரரே அவர் வீட்டு மாடி அறையைக் கொடுத்தார். பாய் விரிக்கும்போது பஞ்சவர்ணம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “எனக்கு எழுத்துத்தான் தெரியாது சீனி. கண்ணு தெரியும். அந்த இடது கைய நானும் பொங்கலன்னிக்கே பாத்துட்டேன்.”

நான் பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

“தலை முழுகுன அன்னைக்கு உனக்குச் சளியும் இல்ல, ஒரு எழவும் இல்ல. மறுநாள் கருப்பட்டிப் பாகு காய்ச்சி எனக்குக் குடுத்தது யாரு? சளிக்காரியா?”

இவளைக் கைநாட்டு என்று எழுதியிருந்தேன். எழுதியதை அடிக்கக் கூடாது, டைரி அசிங்கமாகிவிடும். இருக்கட்டும்.

மாசி 4, ஞாயிறு

நிதானமாக எழுதவேண்டும்.

பனி விலகாத நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தோம். வண்டி நாலு இடத்தில் தட்டியது. மாடசாமி ஒவ்வொரு தடவையும் பஞ்சவர்ணத்தைத் திரும்பிப் பார்த்தான். ரெண்டு பக்கமும் வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் சந்து, சந்து முனையில் தண்ணீர்க் குழாய். கதாநாயகி நடந்த அதே சந்து. பாட்டில் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நிஜத்தில் கோழியும் விறகும் காயப்போட்ட துணியும்.

சந்து வாயில் ஒரு தகரத்தில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். நான்தான் வாசித்துச் சொன்னேன்: “இது செட் இல்லை. குடியிருக்கிறோம். எட்டிப் பார்க்க வேண்டாம்.”

பொம்பளைகள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். வலது கை. வலது கை. கிழவி ஒருத்தி, வலது கை. தலையில் துண்டைச் சுற்றிய வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, குனிய முடியாமல் சாய்ந்து நின்று தெளித்தாள். அவளும் வலது கை. வேனையும் எங்களையும் மாடசாமி கையில் இருந்த செல்போனையும் பார்த்ததும் ஒவ்வொருத்தியாக வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். தினம் இப்படித்தான் ஆட்கள் வந்து படம் எடுப்பார்கள் போல. கடைசிக் கதவும் சாத்தியாயிற்று.

“ஒருத்தியும் இல்லையேடி” என்றாள் பஞ்சவர்ணம். “வேற லைனோ என்னமோ. இல்ல, அது வேற புள்ளையோ?”

வேறு பிள்ளையாக இருந்தால்? ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்கலாம். எட்டிப் பார்க்க வேண்டாம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், படித்தவள் நான், எப்படித் தட்டுவேன்?

குழாயடியில் யாருடைய வாளியோ நிரம்பி இருந்தது. கப்பும் கிடந்தது. எடுத்தேன். சந்து நடுவில் கொண்டுபோய் வைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகினேன்.

வாளி விளிம்பில் ரெண்டு தட்டு. ஒரு வீச்சு.

அடுத்த வாசல். ரெண்டு தட்டு. ஒரு வீச்சு.

“அடி, யாரு வாசல யாரு தெளிக்கிறது?” என்று பஞ்சவர்ணம் கையைப் பிடித்தாள். உதறினேன். ஒரு கதவு திறந்து, முதலில் பார்த்த அந்தக் கிழவி எட்டிப் பார்த்தாள். “யாருத்தா நீயி? எங்க வாசல் எங்களுக்குத் தெளிக்கத் தெரியாதா? அதுவும் தெளிச்ச வாசல!”

“தெரியும் தாயி. நீங்க நல்லாத்தான் தெளிச்சிருக்கீங்க” என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போனேன். ரெண்டு தட்டு.

அந்தக் கிழவிக்குப் பின்னாலிருந்து துண்டு சுற்றிய தலை ஒன்று வெளியே வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி. வாசல்படியில் நின்றாள். துண்டு நழுவியது.

“நாய் எந்திரிச்சிருச்சா அப்பத்தா?”

வாளியை வைத்தேன்.

“எந்திரிச்சிருச்சு. நீதான் எந்திரிச்சு வர மாட்டேங்கிற.”

அப்புறம் கொஞ்ச நேரம் நடந்ததை எழுதத் தேவையில்லை. பஞ்சவர்ணம்தான் சத்தம் போட்டு அழுதாள். சாத்தின கதவெல்லாம் திறந்துகொண்டன.

உள்ளே போனோம். ஒரு அறை, ஒரு அடுக்களை, சுத்தமாக இருக்கிறது. அந்தப் பையன் விமல்ராஜ் தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறான். என் காலில் விழுந்தான். எழுந்து அவனே ஓடிப்போய்ப் பால் வாங்கி வந்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

“ஏன்டி, கையை மாத்திட்ட? நான் தெரியாமப் போயிருப்பேனே.”

“இங்க என் மாமியார் இருக்காங்கல்ல, அவங்கதான் இடது கையில வாசல் தெளிச்சா வீட்டுக்கு ஆகாதுன்னாங்க. பழகிக்கிட்டேன்.”

“அப்ப படத்துல?”

அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. “ஷூட்டிங்காரங்க வந்தப்ப எதுத்த வீட்டு அக்காவத்தான் பின்னாடி வாசல் தெளிக்கச் சொன்னாங்க. நான் கெஞ்சி அந்த வாளிய வாங்கிட்டு நின்னேன் அப்பத்தா. காமிராவப் பாக்கக் கூடாது, மொகத்தக் காட்டக் கூடாதுன்னாங்க. மொகத்தத்தான காட்டக் கூடாது? கைய மாத்திக்கிட்டேன். நீ ஒரு படத்தையும் விடமாட்டியே. என்னைக்காச்சும் டிவில போடுவான், எங்க அப்பத்தா பாக்கும்னு.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“வீட்டு நம்பருக்கு ரெண்டு மூணு தரம் அடிச்சேன். அப்பா குரல் கேட்டுச்சு. பேச வரல. வச்சுட்டேன்.”

அவள் மாமியார், வாசலில் என்னை அதட்டிய அதே கிழவிதான், எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். நான் அந்தம்மாவிடம் சொன்னேன்: “சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுல இடது கைதான் ராசி. பி.எஸ்சி. கணக்கு எழுதிப் பாஸ் பண்ணுன கை அது.” அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அவளுக்கு எது வசமோ அந்தக் கைல தெளிக்கட்டும். நீங்க எங்க வாசல விட்டாப் போதும்” என்றாள். வாய்க்காரிதான். பிள்ளை நல்ல கையில்தான் இருக்கிறாள்.

மாதம் ஏழு முடிந்துவிட்டது. வளைகாப்பு இன்னும் போடவில்லை. தாய் வீட்டில் போடவேண்டியது, நாங்களாகப் போட மனசு வரவில்லை என்றாள் மாமியார். பங்குனியில் ஒன்பது பிறக்கும்.

பருப்புப் பொடி டப்பாவைக் கொடுத்தேன். திறந்து மோந்தாள். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மாசி 5, திங்கள்

நேற்றுப் பொழுது சாய வீடு வந்தோம். கதிரேசன் வாசலில் நின்றான். “பாத்தாச்சா?” என்றான்.

“பாத்தாச்சு. நல்ல எடம்.”

வாசல் விளக்கைப் போட்டான். அடுக்களையில் செல்வராணியிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே தோட்டத்துத் தேயிலைத்தூள் நிறைய. “ஒன்பதாம் மாசம் பங்குனியில” என்று மட்டும் சொன்னேன். டப்பாவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று காலை கதிரேசன் டீ குடித்துவிட்டு, “தூளு புதுசா?” என்றான்.

“மலைத்தூளு” என்றாள் செல்வராணி.

இன்னொரு டம்ளர் கேட்டான்.

மாசி 7, புதன்

செல்வராணி கண்ணாடி வளையல்காரரைத் தெருவில் நிறுத்தி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு எடுக்கவில்லை. சின்ன அளவாகக் கேட்டாள்.

சாயங்காலம் கதிரேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அப்படி உட்கார்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது.

“ஏரி எப்பிடி ஆத்தா இருக்கு?”

“ஏரியில என்னடா இருக்கு. பச்சைச் சேலை வர்ற எடந்தான் எடம்.”

தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

“தை அமாவாசைக்கு உங்கப்பனுக்கு எள்ளு எறைச்ச. உன் தங்கச்சிக்கு எறைச்ச. ஐயர் வேற யாரும் உண்டான்னு கேட்டாரே, ஏன்டா இல்லைன்ன?”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“தலை முழுகத் தெரிஞ்சவனுக்கு எள்ளு எறைக்கக் கை வரலையே. ஏன் வரலை?”

எழுந்து போய்விட்டான். செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தான். போகட்டும். நான் கேட்டதைக் கேட்டாயிற்று. திரும்ப வாங்கப் போவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அந்தப் பாட்டுக் கேட்டது. செல்வராணிதான் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். செல்வராணி அடுக்களையில் இருந்தாள். பின்வாசல் வழியாக வந்திருக்கிறான்.

பாட்டு பாதியில் நின்றது. முதலில் இருந்து வந்தது. மறுபடி அதே இடத்தில் நின்றது.

மாசி 8, வியாழன்

முழங்கால் பரவாயில்லை. மாடசாமியை வரச் சொல்லியிருக்கிறேன். மகன் வந்தாலும் வராவிட்டாலும் பங்குனியில் நானும் செல்வராணியும் போகிறோம். வளையல் நான் போடுவேன். இதை மறைத்து எழுதத் தேவையில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

மாசி 10, சனி

மாடசாமி வந்தான். பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசி முடித்தோம். பஞ்சவர்ணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே எனக்கு சன்னல் சீட்டு என்று கத்தினாள். பச்சையில் ஒரு சேலை எடுத்துவிட்டாளாம்.

கதிரேசன் உள்ளேதான் இருந்தான். காதில் விழுந்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். எங்கே என்று கேட்டதற்குச் சந்தைக்கு என்றான். எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமைதான் சந்தை.

திரும்பி வந்து, நான் எழுதிக்கொண்டிருந்த இந்த டைரிக்குப் பக்கத்தில் ரெண்டு எலுமிச்சம்பழத்தை வைத்தான். நல்ல மஞ்சள், கெட்டிப் பழம்.

“எதுக்குடா? ஊறுகாய்க்கா?”

“ரெண்டு பழத்துல யாராவது ஊறுகா போடுவாங்களா ஆத்தா?”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். திரும்பாமலே கேட்டான்.

“இது பங்குனி வரைக்கும் கெடாம இருக்குமா?”

“கெட்டா வேற வாங்குவோம்” என்றேன்.